சுடாத பீரங்கிக்கு மதிப்பில்லையா?

முந்தாநாள் யுஎஸ்எஸ் சேலம் என்ற பழைய அமெரிக்கப் போர்க்கப்பலின் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு சண்டையிலும் சுடாத கப்பலுக்கு எதற்கு மியூசியம்? உடைத்து இரும்புக்குப் போடுங்கள்" என்று ஒருவர் எழுத, அத்தனை பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யுஎஸ்எஸ் சேலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் நகரத்தின் பெயர். டி மாய்ன் வகை ஹெவி க்ரூஸர், அதாவது பெரிய பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல். பன்னிரண்டு கட்டத் திட்டமிட்டார்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். 1949இல் பணிக்கு வந்து 1959இல் ஓய்வு பெற்ற கப்பல். போரில் சுடவில்லை, உண்மைதான். அதனால் என்ன?

அது இப்போது மியூசியமாக நிற்கும் குவின்சியில், அந்தக் கப்பலின் பீரங்கிக் கூண்டுக்குள் நின்றிருக்கிறேன். 152 கிலோ குண்டை ஆறு நொடிக்கு ஒன்று என்று தானாகவே நிரப்பிச் சுடும் எட்டு அங்குலப் பீரங்கி. அப்படி ஒன்பது. அதற்கு முந்தைய ஹெவி க்ரூஸர்கள் இந்த வேகத்தில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. அவ்வளவும் கையில் இருந்தும் சுட வேண்டி வரவில்லை. அது குறையா?

1953 ஆகஸ்டில் கிரீஸின் அயோனியன் தீவுகளை நிலநடுக்கம் புரட்டிப்போட்டபோது உதவிக்குப் போய்ச் சேர்ந்த முதல் அமெரிக்கக் கப்பல் இதுதான். இதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா?

"அமெரிக்காக்காரனுக்கு வக்காலத்தா?" என்பார்கள். இல்லை. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கப்பல் நியூபோர்ட் நியூஸ் வியட்நாமில் சுட்டது. அந்தக் குண்டுகள் யார் தலையில் விழுந்தன என்று எனக்கும் தெரியும். 1972 அக்டோபர் 1 அன்று அதன் இரண்டாம் கூண்டில், நடுப் பீரங்கியின் குழலுக்குள்ளேயே குண்டு வெடித்து அதன் மாலுமிகள் இருபது பேர் செத்தார்கள். அந்தக் கூண்டைக் கடைசிவரை சரிசெய்யவே இல்லை. சுட்டால்தான் கப்பல் என்பவர்கள் அந்த இருபது வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

பராமரிப்புச் செலவு அதிகம் என்கிறார்கள். சரி, அதிகம்தான்.

என் அப்பா ஒரு மில்லில் 28 வருஷம் தீயணைப்பு பம்ப்பைப் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் ஓட்டிப் பார்ப்பார், வால்வுக்கு கிரீஸ் வைப்பார். ஒருநாள்கூடப் பெரிய தீ பிடிக்கவில்லை. பிரிவு உபசார விழாவில் ஒருவர் மைக்கில், "அண்ணன் சும்மா உட்கார்ந்தே சம்பளம் வாங்கினவர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து போர்த்திய சால்வையைக்கூட மடிக்காமல் போய்ப் படுத்துவிட்டார்.

நியூபோர்ட் நியூஸை உடைத்தாயிற்று. இந்த வகையின் முதல் கப்பலான டி மாய்னையும் உடைத்தாயிற்று. மிச்சம் இருப்பது சேலம் ஒன்றுதான்.