ஸான்ஸ ஸ்கான்ஸுக்குப் போகும் நாளைக் காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

நெதர்லாந்து போகிறவர்கள், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்திலுள்ள காற்றாலைக் கிராமமான ஸான்ஸ ஸ்கான்ஸ் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது?" என்பதுதான். எல்லாரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: காலை 8 மணிக்குப் போய்விடுங்கள். இந்தப் பதில் அரைகுறையானது. காலை 8 மணிக்குக் கூட்டம் இருக்காது, உண்மை. பெரும்பாலும் காற்றும் இருக்காது, ஆலைக்காரரும் வந்திருக்க மாட்டார், இறக்கைகளும் சுற்றாது. சுற்றாத காற்றாலையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அந்த இடம் வெறும் காட்சிப்பொருள் இல்லை. ஸான் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் மரம் அறுத்தன, எண்ணெய் ஆட்டின, காகிதமும் சாயமும் செய்தன. அவை அழிந்துகொண்டே வந்தபோது, மிஞ்சிய மர வீடுகளையும் ஆலைகளையும் 1961 முதல் 1974 வரை லாரியிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து ஒரே கரையில் நிறுத்தினார்கள். அதனால் "இது செட்டிங்தானே" என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். தவறு. டி காட் என்ற ஆலை இன்றும் சாயப்பொடி அரைக்கிறது. டி ஸுக்கர் எண்ணெய் ஆட்டுகிறது. ஹெட் யோங்க ஸ்காப்பில் முழு மரத்தைப் பலகையாக அறுக்கிறார்கள். எல்லாமே காற்று இருந்தால்தான். அந்த வேலையைப் பார்ப்பதற்குத்தான் போக வேண்டும்.

இந்த ஆலைகள் ஓட மணிக்கு 15 கி.மீ. காற்றாவது வேண்டும். 20 முதல் 35 கி.மீ. என்றால் அருமை. காற்று குறைந்த நாளில் ஆலைக்காரர் இறக்கைச் சட்டத்தின் மேல் துணிப்பாயை முழுதாக விரித்துக் கட்டுவார். காற்று ஏற ஏறப் பாயைச் சுருட்டுவார். 40 கி.மீ.யைத் தாண்டி விட்டு விட்டு அடிக்கும் காற்று, இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார். காரணம் இருக்கிறது. உள்ளே பிரேக் என்பது பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் மரக்கட்டைகள்தான். வேகம் கை மீறிய பிறகு பிரேக்கைப் போட்டால் உராய்வில் மரம் சூடேறித் தீப்பிடிக்கும். அந்தக் காலத்தில் பல ஆலைகள் அப்படித்தான் எரிந்தன. ஆகவே புயல் எச்சரிக்கை உள்ள நாளில் போய் "ஏன் ஓட்டவில்லை" என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

வேகத்தை ஆலைக்காரர்கள் எண்ணும் விதம் எளிது. ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கைகள் கீழே கடந்து போகின்றன என்று எண்ணுவார்கள். 60 என்றால் 15 முழுச் சுற்று. நல்ல வேலை வேகம். நீங்களும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

கோடையில் இரவெல்லாம் நிலம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் மேலே ஓடும் காற்று கீழே இறங்கிக் கலக்கும். அதனால் பெரும்பாலான கோடை நாட்களில் காலை 8 மணியைவிடப் பிற்பகல் 2, 3 மணிக்குக் காற்று நன்றாக இருக்கும். ஆனால் அதுதான் சுற்றுலாப் பேருந்துகள் நிறைந்திருக்கும் நேரமும். முழுத் திட்டமும் இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான்.

என் கருத்து இது: ஆம்ஸ்டர்டாமில் மூன்று நான்கு நாள் தங்குகிறீர்கள் என்றால் ஸான்ஸ ஸ்கான்ஸுக்குத் தேதி குறிக்காதீர்கள். நாள் குறித்து டிக்கெட் வாங்க வேண்டிய மியூசியங்களை முதலில் நிரப்புங்கள். ஒரு நாளை மிதக்க விடுங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்நாட்டு வானிலை அமைப்பான கே.என்.எம்.ஐ. தரும் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை விட்டு விட்டுப் பெய்து, தென்மேற்குக் காற்று மிதமாக அடிக்கும் என்றால் அதுதான் உங்கள் நாள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே காற்றில் குடை தாங்காது.

தென்மேற்கு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆலைகள் ஆற்றின் கிழக்குக் கரையில் வரிசையாக நிற்கின்றன. ஆலையின் தலைப்பகுதியை, பின்னால் தொங்கும் நீண்ட மரவாலைச் சக்கரத்தால் இழுத்துக் காற்றை நோக்கித் திருப்பி வைப்பார்கள். தென்மேற்குக் காற்றில் எல்லா இறக்கைகளும் ஆற்றைப் பார்த்து நிற்கும். பிற்பகல் வெயிலும் அதே திசையிலிருந்து விழும். கிழக்குக் காற்று அடித்தால் இறக்கைகள் அந்தப் பக்கம் புல்வெளியைப் பார்த்துத் திரும்பிவிடும். எதிர்க்கரையில் நிற்பவருக்குத் தெரிவது ஆலையின் முதுகும் மரவாலும்தான். வானம் துடைத்தாற்போல நீலமாக இருக்கும், படம் மட்டும் ஏதோ தவறியது போல இருக்கும். காலையில் எதிர்க்கரையிலிருந்து எடுத்தாலும் இதே கதி: சூரியன் ஆலைகளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். தெற்கே உள்ள யூலியானா பாலத்தின் மேல் நின்று வடக்கே பார்த்தால் நண்பகலில்கூட வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் காலை 9 மணிக்குள் அங்கே இருங்கள். முதலில் கால்வரிங்டைக் என்ற கரைப்பாதையில் கடைசி ஆலை வரை நடந்துவிடுங்கள். திரும்பி வரும்போது ஆலைகள் திறந்திருக்கும்; ஏதாவது ஒன்று சுற்றத் தொடங்கியிருந்தால் முதலில் அதற்குள் போங்கள். 11 மணிக்குப் பேருந்துக் கூட்டம் பாலாடைக்கட்டிக் கடையிலும் மரச்செருப்புப் பட்டறையிலும் மொய்க்கும்போது நீங்கள் அங்கேயே உள்ள மியூசியத்துக்குள் இருக்கலாம். அரை நாள்தான் என்றால் பிற்பகல் 3 மணிக்குப் போவது மேல். ஆனால் ஆலைகளை முதலில் பார்த்துவிடுங்கள். மாலை 5 மணியளவில் சாத்திவிடுவார்கள், ஆலைக்கு ஆலை நேரமும் வேறு. ஜூனில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும் என்பதால் கரைப்பாதைக்கு அவசரமே இல்லை. மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து போகாதீர்கள். ஒரு மணி நேரம் நிறுத்தும் பேக்கேஜ் டூரில் கடைகளைத்தான் பார்ப்பீர்கள்.

உள்ளே படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அரைக்கும் கல் உருளுவதைத் தாழ்ந்த தளத்திலேயே பார்க்கலாம்.

மாதம்? நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் ஏப்ரல் மாதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கேகன்ஹாஃப் துலிப் தோட்டம் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை திறந்திருக்கும். அதற்கு வருகிற கூட்டம் அப்படியே இங்கேயும் வரும். ஏப்ரல் 27 அரசர் தினம், ரயிலில் நிற்க இடமிருக்காது. மே இரண்டாம் வார இறுதியைப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள்: தேசியக் காற்றாலை நாட்கள், நாடு முழுக்க ஆலைகளை ஓட்டுவார்கள். செப்டம்பர், அக்டோபர் என்னைக் கேட்டால் இன்னும் நல்லது. காற்றும் உண்டு, கூட்டமும் வடிந்திருக்கும். டிசம்பரில் காலை 8 மணிக்கு இருட்டு. மாலை நாலரைக்கெல்லாம் மறுபடியும் இருட்டு.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலிலிருந்து ஸ்ப்ரின்டர் என்ற சாதாரண ரயில் 20 நிமிடத்துக்குள் ஸான்டைக் ஸான்ஸ ஸ்கான்ஸ் நிலையத்தில் இறக்கிவிடும். விரைவு ரயிலில் ஏறினால் அது அங்கே நிற்காது. ஸான்டாம் என்பது வேறு நிலையம். பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடுபவர்கள் நிறைய. ஏறும்போது தட்டிய அதே வங்கி அட்டையால் இறங்கும்போதும் தட்டுங்கள், ஆளுக்கு ஓர் அட்டை. நிலையத்திலிருந்து கால் மணி நடை. படகு வந்தால் வழியிலுள்ள யூலியானா பாலத்தைத் தூக்குவார்கள், காத்திருக்க வேண்டும்.

கட்டண விஷயம்: தெருக்களில் நடக்க 2025 வரை காசு வாங்கியதில்லை, ஆலைகளுக்கும் மியூசியத்துக்கும்தான் டிக்கெட் இருந்தது. வெளியூர்க்காரர்களிடம் 2026 முதல் 17.50 யூரோ வாங்கும் திட்டத்தை 2025இல் நகராட்சி அறிவித்தது. சுமார் 100 பேர் குடியிருக்கும் இடத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஏறி நின்று படம் எடுப்பவர்களும் உண்டு. அதனால் இந்தக் கட்டணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை ஸான்ஸ ஸ்கான்ஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பார்த்துப் போனாலும் காற்று சில நாள் ஏமாற்றும். அப்போது இறக்கைகள் நிற்கும் நிலையைக் கவனியுங்கள். மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன் நின்றால் ஆலைக்காரர் வீட்டில் கல்யாணமோ குழந்தையோ. உச்சியைத் தாண்டிச் சற்றுச் சாய்ந்து நின்றால் துக்கம். உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச். 17 விமானத்தில் இறந்தவர்களின் உடல்கள் 2014 ஜூலையில் நாடு திரும்பிய அன்று, நெதர்லாந்து முழுக்க ஆலைகள் அந்த இரண்டாவது நிலையில்தான் நின்றன.