30 உயிர் இல்லாமலும் காண்ட்ராவை முடிக்கலாம்

‘30 உயிர் ரகசியக் குறியீடு போடாமல் காண்ட்ராவை முடிக்கவே முடியாது’ என்று காண்ட்ரா வீடியோ கேம் பற்றிய கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள் (பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் 30 உயிர் தருவதுதான் அந்தக் குறியீடு). முடியும் சார். ஒரே குண்டில் சாவதுதான், இருப்பதும் மூன்றே உயிர்தான், ஆனால் எதிரிகள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே இடங்களில்தான் வருவார்கள். ஆடஆட விரல் தானாகப் பழகிவிடும்.

உண்மையான வலி எஸ் துப்பாக்கி போவதுதான். ஐந்து குண்டு விசிறி மாதிரி விரிந்து போகிற அதை வைத்திருக்கும்வரை ராஜா. செத்தால் உயிரோடு அதுவும் போய், ஒற்றைக் குண்டு துப்பாக்கியோடு நிற்க வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் ஆட்டத்தை விடுகிறார்கள்.

இருவர் ஆடினால் மூன்றாம் கட்ட அருவி தனிக் கொடுமை. ஒருவர் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் மேலே ஏறும், கீழே நிற்பவர் அவுட். நட்பைச் சோதிக்க வேறெதுவும் வேண்டாம்!

அப்புறம், அந்தக் குறியீடு காண்ட்ராவுக்காக உருவானதல்ல. 1986-இல் கிரேடியஸ் என்ற வேறொரு விளையாட்டை ஃபாமிகாமுக்கு (நிண்டெண்டோவின் வீட்டு வீடியோ கேம் கருவி) மாற்றிய கஸுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்க்க அது தனக்கே கடினமாக இருந்ததால் சேர்த்தது. செய்தவரே திணறியிருக்கிறார், நாம் திணறினால் என்ன?