சிவப்புக் குறி நடைபாதைக்கு அல்ல

"நார்வே காடுகளில் சிவப்புக் குறியைப் பார்த்து நடந்தால் போதும்" என்று சிலர் சொல்வது தலைநகர் ஓஸ்லோவை ஒட்டிய காடுகளுக்குப் பொருந்தாது. தயவுசெய்து அதை நம்பிக் கிளம்பாதீர்கள். உயர்மலைப் பாதைகளில் கற்குவியல்மீது தீட்டிய சிவப்பு 'டி' (T) எழுத்துதான் வழிகாட்டி, அதுவரை சரி. ஆனால் ஓஸ்லோவுக்குக் கிழக்கிலுள்ள ஓஸ்ட்மார்கா போன்ற ஏரிக்காடுகளில் மரத்தில் தெரியும் நீலக் குறிதான் கோடை நடைபாதை. சிவப்பு, பனிச்சறுக்குத் தடம். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமீதும் சதுப்புமீதும் நேராகப் போகும் தடம் அது. ஜூலையில் அதைப் பின்பற்றினால் முழங்கால்வரை சேற்றில் இறங்குவீர்கள், அல்லது ஏரிக்கரையில் வழியற்று நிற்பீர்கள்.

எங்கும் நெருப்பு மூட்டலாம் என்று நினைப்பதும் தவறு. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் அதற்குப் பொதுத்தடை உண்டு. இயற்கைக் காப்பகங்களுக்குள் தனி விதிகளும் இருக்கும். நுழைவிடத்து அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள்.