அந்த ஐந்து மாதங்களையும் எழுதுங்கள்

நேற்று முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா பற்றி வந்த அந்த வாழ்த்துப் பதிவையும், அதன் கீழே எங்கள் ஆட்களே போட்ட கருத்துகளையும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

ஒருவருடைய பதவி வரலாற்றை எழுதுவதென்றால் முழுதாக எழுதுங்கள். 2010இல் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான துணை நிரந்தரப் பிரதிநிதி, 2019 ஜனவரியில் இராணுவப் பதவிநிலைப் பிரதானி, ஆகஸ்டில் இராணுவத் தளபதி, 2022இல் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி. எல்லாம் அந்தப் பதிவில் இருந்தது. இறுதிப்போரில் இராணுவத்தின் 58ஆவது டிவிசனுக்குத் தளபதியாக அவர் வன்னிக்குள் வந்ததற்கு மட்டும் ஒரே வரி, கிளிநொச்சி பிடிபட்டதோடு சரி. அது 2009 ஜனவரி 2. பிறகு மே மாதம் போர் முடியும்வரைக்கும் நடந்தது எங்கே?

அப்போது நாங்கள் இருந்த மாத்தளன் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் சரியும். உரப்பை இல்லை. சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினோம். அம்மா தன் கூறைச்சேலையைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தார். ஒருநாள் அதையும் எடுத்து, சரிகைக் கரையை மட்டும் வெட்டி மடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பையாகத் தைத்தார். சித்தப்பா தண்ணீருக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. யார் அடித்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் விசாரியுங்கள் என்கிறேன்.

"இயக்கம், புலிகள் செய்யவில்லையா?" என்று வருவீர்கள். செய்தது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது, தப்பி ஓடின சனத்தைச் சுட்டது. எங்கள் வீட்டிலும் ஒருவரைக் கொண்டுபோனார்கள். அதையும் விசாரியுங்கள். 2025 மார்ச்சில் பிரித்தானியா தடை விதித்த நான்கு பேரில் சவேந்திர சில்வாவோடு, இயக்கத்தில் தளபதியாக இருந்து பிரிந்துபோன கருணாவும் இருக்கிறார். அதற்காக நான் அழவில்லை. மேலிடத்து உத்தரவு என்கிற கதையை விடுங்கள், டிவிசன் தளபதி சாதாரண சிப்பாய் இல்லை.

"குற்றம் நிரூபிக்கப்படவில்லையே?" சரி. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, அவரும் மறுக்கிறார். விசாரித்தால்தானே ஏதாவது ஒன்று நிரூபணமாகும்? 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. 2020 பெப்ரவரியில் அமெரிக்கா அவருக்குப் பயணத்தடை போட்டது. அந்த டிசம்பரிலேயே இங்கே ஜெனரலாகத் தரமுயர்த்தினார்கள். பதவி கொடுக்க நேரம் இருந்தவர்களுக்கு எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க நேரம் இருக்கவில்லை.

கொழும்பில் யாரும் இப்படி எழுதினால் கடந்து போய்விடுவேன். எங்கள் ஊர்க்காரரே இதயக்குறி போட்டதுதான் தாங்க முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிப் போராட்டத்தில் குந்திய அம்மாக்களில் எத்தனை பேர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள்.

"இனி எதுக்கக்கா பழசைக் கிளறுறீங்கள்?" என்று கேட்ட தம்பி, உன் பெரியம்மாவும் அந்தப் போராட்டக் கொட்டிலில் இருந்தவர்தான். இன்றைக்கும் மகனுடைய படத்தோடு போய்வருகிறார். இந்தக் கேள்வியை முதலில் அவரிடம் போய்க் கேள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வா, நான் பதில் சொல்கிறேன்.