படுக்கிற இடத்தை ராத்திரியில் போய்ப் பாருங்க

மூணு நாளா வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து நம்ம பெற்றோர் குரூப்புல ஒருத்தர் "ஒரே ஒரு ராத்திரிதானே, அதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்"னு போட்டதையும், அதுக்குக் கீழ வரிசையா கட்டைவிரல் விழுந்ததையும் பார்த்த பிறகு முடியல. நம்ம பொண்ணுங்க ஒரு ராத்திரி தங்கப் போறதா இருந்த ஏலகிரி மலை டிரிப் நின்னுபோன விஷயம்தான். யாரைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும், பேரெல்லாம் வேண்டாம்.

நம்ம பொண்ணுங்களோட கைடு (சாரணியர்) குழுவை நடத்தற அந்தக் கேப்டன் அக்கா செஞ்ச குத்தம் என்ன? 28 பொண்ணுங்க, எல்லாம் 10லிருந்து 13 வயசு. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது சொந்தக் காசுல மலை ஏறி, பொழுது சாஞ்சப்புறம் அந்த இடத்தைச் சுத்திப் பார்த்துட்டு, "இங்க என் புள்ளைங்களைப் படுக்க வைக்க மாட்டேன்"னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

போட்டோவுல ஹாலும் பூச்செடியும் அழகாத்தான் இருந்துச்சு. ராத்திரி போய் நின்னாதான் மத்தது தெரியும். கழிப்பறை ஹாலுக்கு வெளிய, 30 அடி தள்ளி. நடுவுல ஒரு பல்பு கிடையாது. மொத்தம் ரெண்டே கழிப்பறை, அதுல ஒண்ணுக்கு உள்தாழ்ப்பாள் இல்ல. போற வழித் திண்ணையிலதான் பஸ் டிரைவருக்கும் சமையல்காரருக்கும் படுக்கை. ஹாலோட பின்கதவுல பூட்டு தொங்குது, சாவி வாட்ச்மேன்கிட்ட, அவர் 9 மணிக்கு வீட்டுக்குப் போயிடுவார். முன்பக்கம் தீப்பிடிச்சா 28 புள்ளைங்க எந்த வழியா வெளிய வருவாங்க? 2004 ஜூலை 16 அன்னிக்குக் கும்பகோணத்துல 94 குழந்தைங்களைத் தீக்குப் பறிகொடுத்தவங்க நாம. பூட்டின கதவைப் பார்த்து ஒரு பொம்பளை பயந்தா அதை ஆர்ப்பாட்டம்னு சொல்லாதீங்க.

"முன்னாடியே போய்ப் பார்த்திருக்கலாமே"ன்னு கேக்கறீங்க. நியாயம். ஒரு மாசம் முன்னாடி, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி போகணும். ஆனா போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கட்டினது யாரு? அவங்க இல்ல. எந்த இடம்னே அவங்களுக்குக் கடைசியிலதான் தெரிஞ்சுது.

திரும்பவும் சொல்றேன், படுக்கிற இடத்தை ராத்திரியில போய்ப் பாருங்க. 7 மணிக்கு மேல போங்க. எல்லாக் கதவையும் உள்ள இருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்க. கரண்ட் போனா மோட்டார் ஓடுமா, மேல் தொட்டியில தண்ணி எவ்வளவு நிக்கும், மொட்டைமாடிக் கதவு பூட்டுமா, கிணத்துக்கும் சம்ப்புக்கும் மூடி இருக்கா, போன்ல சிக்னல் எந்த மூலையில கிடைக்குதுன்னு ஒவ்வொண்ணா பாருங்க. குளியலறை ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்சிருந்தா வெளிய நின்னு உள்ள பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சா மத்தவனுக்கும் தெரியும்.

கழிப்பறைக் கணக்கைக் கேலி பண்ணினவங்க கொஞ்சம் போட்டுப் பாருங்க. ஆளுக்கு 7 நிமிஷம்னாலும் 28 பேருக்கு ரெண்டு கழிப்பறையில 98 நிமிஷம். காலையில ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வரிசை. பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? அடக்கிக்குவாங்க. அப்புறம் போகவே வேண்டாம்னு தண்ணி குடிக்கறதை நிறுத்திடுவாங்க. சாயங்காலம் தலைவலி, மறுநாள் நீர்க்கடுப்பு. 10 பேருக்கு ஒண்ணாவது வேணும்.

பெரியவங்க கணக்கும் அப்படித்தான். 8 பேருக்கு ஒரு பெண் வேணும், அப்ப நாலு பேர். கூட ஒருத்தர், எந்தப் புள்ளைங்களோட பொறுப்பும் இல்லாம. ஏன்னா ஒரு புள்ளைக்கு நடுராத்திரி மூச்சுத்திணறல் வந்தா ஒருத்தர் கூடப் போயிடுவாங்க, மிச்சம் இருக்கிற புள்ளைங்ககிட்ட ஆள் குறையக் கூடாது. இந்த டிரிப்புக்குப் போட்டிருந்தது ரெண்டே பேர். ஏலகிரியிலிருந்து திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா 14 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். 108 மேல ஏறி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாத நேரமும் வரும். அதனால தனியா ஒரு கார், அதுக்குத் தனி டிரைவர். பகல் முழுக்க பஸ் ஓட்டினவரை எழுப்பக் கூடாது.

டிரிப்புக்கு நிரப்பித் தர்ற படிவத்துல புள்ளையோட எடை எதுக்குன்னு ஒரு அம்மா கோவப்பட்டாங்களாம். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் தாண்டக் கூடாது. 30 கிலோ புள்ளைக்கு 450. கையில இருக்கிறது 500 மில்லிகிராம் மாத்திரை. எடையே தெரியாம எப்படிக் குடுக்கறது? ஓஆர்எஸ் பாக்கெட்டும் அப்படித்தான். 1 லிட்டர் தண்ணிக்கான முழுப் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கிக் குடுக்கறவங்க இருக்காங்க. உப்பு கூடிப்போய்ப் புள்ளைக்கு இன்னும் மோசமாகும்.

ஆள் எண்ணும்போது "எல்லாரும் வந்தாச்சா"ன்னு கேக்காதீங்க. 27 பேரும் சேர்ந்து "வந்தாச்சு"ன்னுதான் கத்துவாங்க. ஆளுக்கொரு நம்பர், அவங்கவங்க நம்பரை அவங்களே சொல்லணும். பஸ் நிக்கற ஒவ்வொரு இடத்திலயும், படுக்கும் முன்னாடியும். அப்புறம் பெண்கள் முறைவச்சு முழிச்சிருக்கணும். 10லிருந்து 12.30, 12.30லிருந்து 3, 3லிருந்து 5.30. கழிப்பறைக்குப் போனா ரெண்டு பேரா, டார்ச்சோட, முழிச்சிருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு.

இதெல்லாம் செலவுன்னு சொல்றவங்களோட மட்டும் எனக்குச் சண்டை இல்ல. கூட மூணு பேர், ஒரு கார்னா தலைக்குக் காசு ஏறும், கட்ட முடியாத பொண்ணு சத்தமில்லாம விலகிடும். அது எனக்கும் வலிக்குது. ஆனா டிஷர்ட்டும் ஃபிளெக்ஸும் அடிச்ச காசுல அந்தக் காரைப் பிடிச்சிருக்கலாம்.

"அப்பாக்கள் நாலு பேர் வந்து காவலுக்கு நிக்கறோம்"னு சொன்னவங்க நல்ல மனசுலதான் சொன்னீங்க. கேட் வரைக்கும் சரி. ஹால் பக்கம் வேண்டாம். எந்தப் பெரியவரும், ஆணோ பெண்ணோ, ஒரு புள்ளையோட தனியா இருக்கக் கூடாதுன்னா அது எல்லாருக்கும்தான். யாரையும் சந்தேகப்படல. தப்பா ஏதாவது நடந்ததா ஒரு புள்ளை சொல்லிட்டா, குழந்தைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற போக்சோ சட்டப்படி போலீஸ்ல தெரிவிச்சே ஆகணும், உள்ளுக்குள்ள பேசி முடிக்க முடியாது. குழந்தைங்க உதவிக்குக் கூப்பிடற 1098 நம்பர் எல்லாப் பொண்ணுக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும்.

"எங்க காலத்துல திண்ணையில படுத்தோம், ஒண்ணும் ஆகல." உங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனவங்க சொல்லல.

ஒரு முகாம்ல 11 வயசுப் பொண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு வயசுக்கு வந்திருக்கா. லைட் இல்ல, நாப்கின் எங்கன்னு தெரியல, எழுப்பறதுக்குப் பக்கத்துல ஒரு பெண் இல்ல. குழாயடியில பாவாடையை அலசி, அந்த ஈரத்தோடயே விடியற வரைக்கும் சுவரோரம் உக்காந்திருக்கா. காலையில காய்ச்சல்னு சொன்னாங்க. விஷயம் அவ அம்மாவுக்கே மறுநாள்தான் தெரியும். நாலு பாக்கெட் நாப்கின், பழைய பேப்பர், மூடி போட்ட குப்பைத்தொட்டி, மாத்த ரெண்டு கருப்புப் பாவாடை, கதவுக்குப் பக்கத்துல படுத்திருக்கிற ஒரு அக்கா. அன்னிக்கு அந்தப் புள்ளைக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

எல்லாத்தையும் விட என்னை அறுக்கறது "பொண்ணுங்களைப் பொத்திப் பொத்தி வளர்த்தா எப்படி"ங்கற கேள்வி. யாரைப் பார்த்துக் கேக்கறீங்க? ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு, சம்பளம் ஒரு பைசா இல்லாம, உங்க பொண்ணுக்கு முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் வரைபடம் பார்க்கவும் சொல்லிக் குடுக்கறவங்களைப் பார்த்தா? பொண்ணு வெளிய வரணும், ராத்திரி வானத்தைப் பார்க்கணும்னு உங்க வீட்டு வாசல்ல வந்து கெஞ்சிக் கையெழுத்து வாங்கினதே அவங்கதானே. பூட்டி வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தாழ்ப்பாளைப் பத்திக் கவலைப்பட வேண்டிய தேவையே இல்ல. ஏதாவது நடந்திருந்தா இதே குரூப்புல முதல்ல யார் பேரு வந்திருக்கும்? நடக்காம பார்த்துக்கிட்டதுக்கும் அவங்க பேரையே இழுக்கறீங்க. அவங்க ரெண்டு நாளா போனை எடுக்கல.

வேற இடம் ஒண்ணு சொல்லியிருக்காங்க, மலையில இல்ல, செங்கல்பட்டுப் பக்கம். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குத் தாம்பரத்துல இருந்து கிளம்பறோம், 7 மணிக்கு அங்க இருப்போம். கார்ல ரெண்டு சீட் காலி. குரூப்புல பேசினவங்கள்ல யார் வேணா வரலாம், டார்ச் மட்டும் எடுத்துட்டு வாங்க.