அளவு ஜாக்கெட்

போன வாரம் என் தையல் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கூடவே பதினான்கு, பதினைந்து வயதில் மகள். மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் பாவாடை தாவணி தைக்க வேண்டுமாம். அந்த வெயிலிலும் பிள்ளை மணிக்கட்டு வரை மூடிய சட்டையோடு நின்றாள். அம்மா என் பக்கம் குனிந்து, "கை முழுசா வச்சுடுங்க. பிள்ளைக்குக் கொஞ்சம் வெள்ளை இருக்கு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தார். அப்படியே கண் கலங்கிவிட்டார்.

என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளை; தோலின் நிறம் போகிற வெண்புள்ளி நோய். உதட்டோரத்திலும் முழங்காலிலும் உண்டு. மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில் என்னிடம் துணி தைப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் இதைப் பற்றி நான் வாய் திறந்து பேசியதில்லை. அந்தப் பிள்ளை அழாமல் நின்ற விதம் என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் சின்ன வயதில் எங்கள் ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். 2007இல்தான் மாற்றினார்கள். ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். 1993இல் எனக்குப் பதினான்கு வயது. வலது முழங்காலில் இருபது காசு அளவுக்கு முதல் புள்ளி வந்தது. அந்த வருடம்தான் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சிப் பேட்டியில் தனக்குத் தோல் நிறம் போகிற நோய் இருப்பதாகச் சொன்னார். எங்கள் பள்ளிப் பஸ்ஸில் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆனால் என்னை 'ஜாக்சன்' என்று கூப்பிட மட்டும் தெரிந்தது.

பாட்டி நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால் பிடிக்கிற மங்கும் வாளியுமாக வாழ்ந்தவர். எதற்கும் பயப்படாத மனுஷி. என் முழங்காலைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, "சுங்கை பூலோ." அவர் தலைமுறைத் தோட்ட மக்களுக்கு அது வெறும் ஊர்ப் பெயர் இல்லை. 1930இல் அங்கே தொழுநோயாளிகளுக்கென்று குடியிருப்பு திறந்தார்கள். நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைக்கூடப் பெற்றவர்களிடம் விடவில்லை. அந்தப் பயத்தில் பாட்டி அன்றைக்கே என் பாவாடையின் மடிப்பைப் பிரித்துக் கீழே இறக்கித் தைத்தார். இத்தனைக்கும் சின்ன வயதில் பெரியம்மை வந்து அவர் முகமெல்லாம் தழும்பு. அதை ஒருநாளும் அவர் மறைத்ததில்லை. "ஆத்தா விளையாடிட்டுப் போன அடையாளம்" என்று பெருமையாகச் சொல்வார். "அந்தத் தழும்பு ஆத்தா கொடுத்ததுன்னா, என்னோட வெள்ளையை யார் பாட்டி கொடுத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். பாட்டி பதில் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

இது தொழுநோய் இல்லை. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்துப்போகும். வெண்புள்ளியில் தொட்டால் நன்றாகத் தெரியும். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாக அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உலகத்தில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது. நம் கோயில் திருவிழாவுக்கு ஆயிரம் பேர் வந்தால் அதில் எத்தனை பேர் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று ஒருவர் சொன்னார். பன்னிரண்டு வருடம் நான் மீனைத் தொடவில்லை. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. கார்போகரிசி எண்ணெய் தடவி வெயிலில் நிற்கச் சொன்னார் இன்னொருவர். நின்றேன். தோல் கொப்பளித்து, இரண்டு வாரம் சட்டை போட முடியவில்லை. அந்த விதையில் வெயிலோடு சேர்ந்து வேலை செய்கிற மருந்துப்பொருள் உண்மையிலேயே இருக்கிறதாம்; மருத்துவர்கள் அளவு பார்த்துக் கொடுப்பதை நான் அளவில்லாமல் அப்பிக்கொண்டேன். தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். போன பிறவிப் பாவம் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தப் பேச்சு ஏற்படுத்திய காயம் எண்ணெய்க் கொப்பளத்தைவிட ஆற நாளானது.

கிள்ளானில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போக ஆரம்பித்தது முப்பது வயதுக்கு மேல். நிபுணரைப் பார்க்க அப்போது ஐந்து வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் ஒளிச் சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு, மூன்று தடவை போகவேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலை போகும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விளக்குக் குழாய்கள் சூழ்ந்த பெட்டிக்குள் நிற்கவேண்டும். கன்னத்திலும் கழுத்திலும் நிறம் திரும்பியது. விரல்நுனிக்கும் உதட்டுக்கும் அவ்வளவாகப் பலன் இருக்காது என்று டாக்டர் முன்பே சொன்னார், அப்படியேதான் ஆனது. தோல் அடிக்கடி உரசுகிற இடத்தில் புதிதாக வெள்ளை விழும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். என் வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் வளையம் பட்டுப் பட்டு, வளையம் மாதிரியே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. எனக்குச் சோறு போடுகிற வேலை விட்ட கோடு. அதை மட்டும் நான் ஒருநாளும் வெறுத்ததில்லை.

தையற்காரிக்குக் கைதானே எல்லாம். கடை போட்ட புதிதில் வந்தவர்கள் என்னைப் பார்த்ததும், "அளவு எடுக்க வேண்டாம், அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன்" என்று பையை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். தையலுக்கு ஆள் வந்தது, கூலி வந்தது, என் கைக்கு மட்டும் எட்டடி தூரம். இரண்டு வருடம் அளவு ஜாக்கெட்டை வைத்தே தைத்தேன். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் பாஜு கூரோங் என்கிற மலாய் உடை தைக்க வந்த ஒரு மலாய்க்கார மாக்சிக் (பெரியம்மா), கேட்காமலே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். நான் தயங்கினேன். அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ சரி, அளந்துக்கோ" என்றார். வலிக்கிறதா என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

கோயிலுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தேன். பொங்கல் பானையை நான் தொட்டதற்கு ஒரு பெண்மணி முகம் சுளித்த நாளிலிருந்து வெளியே வேப்பமரத்தடியோடு சரி. ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனையாக மாறி, லயம் காலியாகி, எல்லாரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டாலும், அந்த மாரியம்மன் கோயில் இன்னும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் அங்கேதான் திரும்புவார்கள். ஒரு வருடம் அங்கே பூசை செய்கிற பண்டாரத் தாத்தா கடைக்கே வந்துவிட்டார். உற்சவ அம்மனுக்குப் புதுப் பாவாடை வேண்டும், வந்து அளவு எடு என்றார். பழைய பாவாடையைக் கொடுங்கள், அதை வைத்துத் தைத்துவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு? அவர் கோபப்பட்டார். "அம்மன் அங்க மண்டபத்துல நிக்கிறா. நேரா வந்து அள" என்றார்.

போனேன். அலங்காரம் எதுவும் இல்லாமல் அம்மன் மண்டபத்தில் இருந்தாள். டேப்பை அவள் இடுப்பில் சுற்றியபோது கை நடுங்கியது. உள்ளங்கையில் அவள் குளிர்ச்சி. முத்து போட்டு மனிதத் தோலில் விளையாடுகிறவள் என்று பாட்டி சொன்ன அதே ஆத்தா. என் கேள்விக்கு அவளும் பதில் சொல்லவில்லை. ஆனால் என் கை அவள் மேல் இருந்தது, அவள் விலகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தாத்தா ஒன்றும் பேசாமல் குங்குமத்தைக் கட்டைவிரலால் என் நெற்றியில் அழுத்தி வைத்தார். நான் வேண்டிக்கொண்டது நடக்கவில்லை, புள்ளி மறையவில்லை. என் பக்தி மட்டும் அன்றைக்குத்தான் பயம் நீங்கி நின்றது.

"உன்னை நீயே நேசி" என்று நிறையப் பேர் பதிவு போடுகிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் யாரும் தொடாத ஒருத்தியிடம் போய், நீயே உன்னைத் தூக்கிக்கொள் என்பது நியாயமா? என்னால் தனியாக முடியவில்லை. மாக்சிக் கையை நீட்டினார், பண்டாரத் தாத்தா அம்மனிடமே அனுப்பினார், என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்த அன்று நான் கையை நீட்டிக் காட்டியதும் அதே கையிலிருந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். அதற்கெல்லாம் பிறகுதான் நான் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். வரிசை அப்படித்தான் இருந்தது.

அந்தப் பிள்ளையின் அம்மாவும் அளவுக்குப் பழைய சட்டை கொண்டுவந்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே அளவு எடுத்தேன். தோளில் டேப்பை வைத்தபோது விறைப்பாக நின்றாள். கட்டைவிரலில் என்ன கோடு அக்கா என்று கேட்டாள். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தேன், வளையத்துக்குள் விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டாள். கை எவ்வளவு நீளம் வைக்கட்டும் என்று அவளிடமே கேட்டேன். முழுக்கைதான் வேண்டும் என்றாள். முழுக்கையே வைத்திருக்கிறேன், உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்து, உரசாமல் அரை அங்குலம் தளர்த்தி. சனிக்கிழமை வாங்க வருகிறார்கள்.