மாதொருபாகனுக்குத் தடை விதித்தது யார்?

"மாதொருபாகன் நாவலை நீதிமன்றமே தடை செய்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது நேர் எதிரானது. 2010இல் வெளியான அந்த நாவலை அரசோ நீதிமன்றமோ தடை செய்யவில்லை. நாவலுக்கு எதிர்ப்பு எழுந்ததால், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த அமைதிக் கூட்டத்தில், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக நாவலாசிரியர் பெருமாள்முருகனிடம் எழுதி வாங்கினார்கள். நெருக்கடியில் பெற்ற கையெழுத்து அது! அதன் பிறகுதான், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. நூலுக்கு எதிரான கோரிக்கைகளையும் ஏற்கவில்லை. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றே அத்தீர்ப்பு முடிகிறது. அவருக்குத் துணைநின்ற தீர்ப்பின் மீதே பழி போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.